பதினெட்டில் பாதி

மார்ச் முடியப்போகிறது, ஹூஃபோர்ஸில் பனி விட்டபாடில்லை.
தகரக் கூரையிலிருந்து பாளமாய்ச் சரிந்து
வாசலில் அது விழும் ஓசைக்கு
இன்னும் ஒருமுறை திடுக்கிட்டுவிட்டு
ஷெட் கதவைச் சாத்துகிறேன்.

முப்பத்துநான்காம் ஆண்டு ஃபோர்டு.
அதாவது, சேஸியின் முன்பாதி மட்டும் ஃபோர்டு.
பின்பாதி நான் பற்றவைத்த சதுரக் குழாய்.
இன்ஜின் ஒரு ஷெவர்லே வேனிலிருந்து.
சீட் ஒரு வோல்வோவிலிருந்து, நாய்முடியோடு.
கியர் பாக்ஸைப் பற்றிப் பிறகு.

ஆலையில் நான் கிரேன் ஓட்டுகிறவள்.
உருகிய எஃகு நிறைந்த கொப்பரையை
ஒரு சொட்டுத் தளும்பாமல் இறக்கத் தெரியும்.
ஆனால் சிமெண்டுத் தரையில் மல்லாந்து,
நாற்பத்தைந்து கிலோவை மார்மீது தாங்கி,
ஷாஃப்ட்டின் மூக்கை
இருட்டுத் துளையொன்றுக்குள் செலுத்த
இரண்டு கை போதாது.
மூன்றாவதும் நான்காவதும் டூவேயிடம் இருக்கின்றன.
டூவேயோடு பேசி இரண்டு வருடம்.

போன தடவை அவன்தான் தள்ளினான்.
அரை அங்குலம் பாக்கி. போகவில்லை.
"போல்ட்டை முடுக்குவோம், தானே வந்து உட்காரும்."
முடுக்கினான். வந்தது. இன்னும் வந்தது.
பிறகு ஒரு சத்தம்,
சுள்ளி ஒடிவதைவிடச் சின்னது.
அலுமினியக் காது உடைந்து என் நெற்றியில் விழுந்தது.
அன்று நான் சொன்னதையெல்லாம்
இங்கே எழுதினால் தாள் பொசுங்கும்.

வேறு பாக்ஸ் வாங்கக் காசு சேர்த்தேன்.
இரண்டு கோடைகள் பிறர் கார்கள் ஏரிக்கரையைச் சுற்ற
நான் வேலியோரம் நின்று காபி குடித்தேன்.

இம்முறை அவசரமில்லை.
ஃபிளைவீலில் காந்தக் காலை ஊன்றி
பெல் ஹவுசிங்கின் பெரிய துளை விளிம்பில்
டயல் கேஜின் நுனியை வைத்து
கிராங்கைக் கையால் சுற்றினேன், ஒரு முழுச் சுற்று.
முள் நகரக் கூடாது.
நகர்ந்தது.

பதினெட்டு.
அங்குலத்தை ஆயிரமாய்க் கிழித்ததில் பதினெட்டு.
தச்சனின் ஒரு நூல்கூட இதன் பக்கத்தில் தேர்வடம்.
துடைத்துவிட்டுச் சுற்றினேன். பதினெட்டு.
ஸ்டாண்டைக் கழற்றி மறுபடி ஊன்றி,
மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெல்ல.
பதினெட்டு.

கையேட்டில் கீழே பொடியெழுத்தில் ஒரு வரி:
முள் காட்டுவது இரட்டிப்பு.
இந்தப் பக்கம் விலகியதை
அந்தப் பக்கத்திலும் ஒருமுறை எண்ணிவிடும்.
விலகல், காட்டியதில் பாதி.

ஒன்பது.
ஐந்துக்குமேல் ஆகாது என்கிறது அதே கையேடு.
இன்ஜினுக்கு முன்னால் மாட்டிய இந்தக் கூடு
அன்றும் இதே கூடுதான்.
யார் தள்ளியிருந்தாலும் முட்டியிருக்கும்.
நான் தள்ளியிருந்தாலும்.
போல்ட்டை முடுக்கியது தப்புதான்,
அந்தப் பங்கு அவனுடையது.
அளக்காமல் மாட்டியவள் யார் என்று
ஹீட்டரின் சிவப்புக் கம்பியைப் பார்த்தபடி
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மையம் விலக்கிய டவல் பின்கள் தபாலில் வந்தன.
பழையதைத் தட்டி எடுத்து, புதியதைச் செருகி
ஸ்க்ரூடிரைவரால் மயிரிழை மயிரிழையாய்த் திருப்ப,
முள் பத்தானது, ஆறானது,
நான்கில் நின்றுகொண்டது.
நான்கு போதும். சுழி யாருக்கு வேண்டும்.

டூவே வந்தான், அதே தொப்பி.
வணக்கம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.
கேஜைக் காட்டினேன்.
கண்ணாடியை மாட்டிக்கொண்டு
கிராங்கைத் தானே ஒருமுறை சுற்றிப் பார்த்தான்.
"முன்னால் எவ்வளவு காட்டியது?"
"பதினெட்டு."
உதடு அசைந்தது, வகுத்தான்.
"ஒன்பது" என்றான், தன் பூட்ஸைப் பார்த்து.
பிறகு அட்டையை விரித்துப் படுத்தான்.

கியரில் போட்டு, பின் ஷாஃப்ட்டைக் கையால் திருகி
பல்லுக்குப் பல் தேடிக்கொண்டே தள்ளினோம்.
முட்டும் என்று இருவரும் முகம் சுளித்த இடத்தில்
முட்டவில்லை.
அலமாரி இழுப்பறை மூடுவதுபோல் போய்ச் சேர்ந்தது.
நான்கு போல்ட்டும் விரலாலேயே ஏறின.
ஸ்பேனர் கேட்டு நீட்டிய கையை
அவன் சும்மா மடக்கிக்கொண்டான்.

கிளம்பும்போது ஜன்னல் கட்டையில்
உடைந்த காது கிடப்பதைப் பார்த்தான்.
எடுத்தான், திருப்பினான்,
வாஷர்களை அதிலிருந்து கொட்டிவிட்டு
சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனான்.